கிருஷ்ணகிரியிலிருந்து கடற்கரைக்கு: முதல்முறை இரவு சைக்கிள் பயணம் போகிறவர்களுக்கு

மாலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் மிதிக்கத் தொடங்கினால், மறுநாள் காலை புதுச்சேரிக் கடற்கரையில் சைக்கிளைச் சாய்த்து வைக்கலாம். தூரம் ஏறக்குறைய 210 கிலோமீட்டர். எண்ணைக் கேட்டதும் "நம்மால் ஆகாது" என்றுதான் தோன்றும். ஆனால் இப்போதே 25 கிலோமீட்டரை நிற்காமல் ஓட்ட முடிகிறவர் யாராக இருந்தாலும், இரண்டு மாதம் ஒழுங்காகப் பழகினால் போதும். இந்தப் பயணத்துக்குக் கால் பலத்தைவிடக் கூட்டத்தின் கட்டுப்பாடுதான் முக்கியம். பத்துப் பேர் ஒரே வேகத்தில், ஒரே வரிசையில், ஒருவரையும் இருட்டில் விட்டுவிடாமல் போகக் கற்றுக்கொண்டால் தூரம் தானாகக் கழியும்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழக்கமே உண்டு. லண்டனில் கிளம்பி, சஃபோக் கடற்கரையிலுள்ள டன்விச் கிராமம் வரை சுமார் 180 கிலோமீட்டர். ஜூலையில் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை இரவில் போகிறார்கள். டன்விச் டைனமோ என்று பெயர். 1990களிலிருந்து நடக்கிறது. பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது, விடியும்போது கடல் இருக்கும், அவ்வளவுதான். நம் மாவட்டத்தில் கடல் இல்லாவிட்டாலும் கடலுக்குப் போகும் ஆறு இருக்கிறது. கே.ஆர்.பி. அணையைத் தாண்டிப் போகும் தென்பெண்ணை, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாகக் கடலூர் பக்கம் கடலில் சேர்கிறது. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நாமும் அந்த ஆறு போலவே மொத்தத்தில் இறங்கிக்கொண்டே போகிறோம். புதியவர்களுக்கு இந்தத் திசையை நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த இறக்கம்.

படி 1: வழி

கிருஷ்ணகிரி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி. திண்டிவனம் வரை ஒரே தேசிய நெடுஞ்சாலை, வழி தவற இடமில்லை. திருவண்ணாமலை ஏறக்குறைய நட்டநடுவில் வருகிறது. தருமபுரி நண்பர்கள் கிருஷ்ணகிரிக்கு வரவே வேண்டாம். அரூர் வழியாக வந்து ஊத்தங்கரையில் சேர்ந்துகொள்ளலாம். சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் சைக்கிள் ஓட்டாதீர்கள். லாரிகள் போகும் வேகத்தில் அது நமக்கான இடமில்லை.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் இரண்டு பேர் பைக்கில் ஒருமுறை பகலில் போய்வர வேண்டும். எங்கே வேலை நடக்கிறது, எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை எந்த ஊர் எல்லையில் இருக்கிறது, இரவு முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க் எது, அங்கே கழிப்பறை உபயோகிக்கிற நிலையில் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு வரவேண்டும். குழுவில் பெண்கள் இருந்தால் இந்தக் கடைசிக் கேள்விதான் நிறுத்தங்களைத் தீர்மானிக்க வேண்டும். "வழியில பார்த்துக்கலாம்" என்று சொல்கிற ஏற்பாட்டாளரோடு எந்தப் பெண்ணும் கிளம்ப வேண்டாம் என்றே சொல்வேன்.

படி 2: நாள் குறிப்பது

தை பிற்பாதியிலிருந்து மாசி முடியும்வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மாம்பழக் காலம் தொடங்கிவிட்டால் திண்டிவனம் தாண்டியதும் காலை வெயிலே ஆளைச் சாய்த்துவிடும்.

நிலா வேண்டும். புளிய மரங்கள் நிழல் கட்டும் சாலையில் நிலா வெளிச்சம் பெரிய உதவி. ஆனால் பௌர்ணமி அன்று மட்டும் போகவே கூடாது. நம் வழியில் திருவண்ணாமலை இருக்கிறது. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலை வழியாகத்தான் ஊருக்குள் நுழைகிறோம், அந்தச் சாலையே கிரிவலப் பாதையின் ஒரு பகுதி. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கும் வழியில் சைக்கிள் கூட்டம் நுழைவது அவர்களுக்கும் தொந்தரவு, நமக்கும் ஆபத்து. மாசி மகமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், அன்றைக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் தீர்த்தவாரிக் கூட்டம் இருக்கும்.

அதனால் தேய்பிறையில் திருதியை, சதுர்த்தி வாக்கில் வரும் சனிக்கிழமையைப் பாருங்கள். நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்களைக் கேட்டால் அன்றைக்கு நிலா எப்போது வரும் என்று சரியாகச் சொல்வார்கள், எட்டரை மணியிலிருந்து ஒன்பதரைக்குள் இருக்கும். நாம் மத்தூர் பக்கம் போகும்போது எதிரே கிழக்கில் எழுந்து, விடியும்வரை கூடவே வரும். வளர்பிறை நிலா அப்படியில்லை. மிகவும் தேவைப்படும் பின்னிரவில் மறைந்துவிடும்.

படி 3: எட்டு வாரப் பழக்கம்

வார நாட்களில் இரண்டு முறை ஒரு மணி நேரம். ஞாயிறுதோறும் ஒரு நீளமான ஓட்டம்: முதல் வாரம் 30 கிலோமீட்டர், அப்புறம் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து கூட்டிக்கொண்டே போங்கள். ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஊத்தங்கரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆகிவிடும். அதை முடித்தவருக்கு 210 முடியும். கடைசி வாரம் ஓய்வு.

இடையில் ஒரு இரவு, முழுக் குழுவும் மத்தூர் வரை போய்வர வேண்டும். இதைத் தவிர்த்தவரைப் பெரிய பயணத்தில் சேர்க்காதீர்கள். பகலில் நன்றாக ஓட்டுகிறவருக்கும் எதிர்வெளிச்சம் கண்ணில் அடித்ததும் கை தடுமாறும். அதை வீட்டுக்குப் பக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

படி 4: சைக்கிளும் விளக்கும்

கியர் சைக்கிள் எதுவானாலும் சரி. மலைச் சைக்கிள் என்றால் கரடுமுரடான டயரை மாற்றி வழவழப்பான டயர் போட்டுக்கொள்ளுங்கள், பாதிச் சோர்வு குறையும். சீட் உயரம் பார்க்க எளிய வழி: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது.

விளக்கில் சிக்கனம் வேண்டாம். முன்னால் 400 லூமென் அளவு வெள்ளை விளக்கு, சாலையில் எட்டுப் பத்து மீட்டர் முன்னே விழும்படி கீழ்நோக்கி. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, ஒன்று சீட்டுக்கடியில், இன்னொன்று ஹெல்மெட்டில். பின்விளக்கு விட்டுவிட்டு எரிய வேண்டாம். கூட்டத்தில் பின்னால் வருகிறவருக்கு அது கண்ணைக் கூசவைக்கும், தூரமும் பிடிபடாது. சீராக எரியட்டும். பதினோரு மணி நேர இருட்டுக்கு எந்தப் பேட்டரியும் போதாது, பவர் பேங்க் ஆளுக்கொன்று வேண்டும். ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டையோடு கணுக்காலிலும் பிரதிபலிக்கும் பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் ஆடும் இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும் "ஆள் போகிறான்" என்று லாரி ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். சட்டையைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பஞ்சர் ஒட்டத் தெரியாதவர் குழுவில் இருக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு டியூப், டயர் லீவர், கைப்பம்பு. நம் பக்கம் பஞ்சருக்குப் பாதிக் காரணம் சீமைக் கருவேல முள். டியூபை மாற்றிவிட்டு அப்படியே காற்றடித்தால் பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கிவிடும், ஏனென்றால் முள்ளின் முனை இன்னும் டயருக்குள்ளேயே இருக்கும். வெளியே உடைந்துபோய், உள்ளே ஊசி முனையளவு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்தாலும் தெரியாது. ஒரு பழைய பருத்தித் துணியை டயரின் உட்புறம் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். நூல் இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். நகத்தால் வராது, உள்ளிருந்து லீவர் முனையால் வெளியே தள்ள வேண்டும். இதை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள்.

படி 5: கூட்டத்தின் சட்டம்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, நடுவே லாரி ஒன்று நிம்மதியாக நுழைந்து வெளியேறுகிற அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

முதலில் வழி தெரிந்த நிதானமான ஆள். இரண்டாவது இடத்தில், குழுவிலேயே மெதுவாக ஓட்டுகிறவர். இந்த ஒரு ஏற்பாடு பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். மெதுவானவரைக் கடைசியில் விட்டால் அவர் இரவெல்லாம் துரத்திக்கொண்டே வருவார், எல்லோரும் ஓய்வெடுத்து முடித்த நேரத்தில் வந்து சேர்வார், அவருக்கு மட்டும் ஓய்வே இருக்காது. கடைசியில் வர வேண்டியவர் குழுவிலேயே வலுவான, பஞ்சர் வேலை தெரிந்த ஆள். அவரைத் தாண்டி ஒருவரும் பின்தங்கக் கூடாது. முதல் ஆளும் கடைசி ஆளும் பத்து மணி, ஒரு மணி, நான்கு மணி என்று போனில் தலை எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும்.

ஒற்றை வரிசைதான். பேச்சு நிறுத்தங்களில். முன்னால் போகிறவரின் சக்கரத்தோடு ஒட்டாமல் மூன்று சைக்கிள் நீளம் விடுங்கள். இருட்டில் கைச்சைகை தெரியாது, குரல்தான். முன்னால் இருப்பவர் "குழி இடது!" என்றால் ஒவ்வொருவரும் அப்படியே பின்னால் கடத்த வேண்டும். "வேகத்தடை", "மாடு", "நிக்கறோம்" எல்லாம் முன்னிருந்து பின்னுக்கு. "லாரி வருது" மட்டும் பின்னிருந்து முன்னுக்கு. யாரும் பிரேக்கை "நிக்கறோம்" சொல்லாமல் பிடிக்கக் கூடாது. நிற்கும்போது தாரை விட்டு முழுக்க இறங்கி நிற்க வேண்டும், தாரின் மேல் ஒரு சக்கரம்கூட மிஞ்சக் கூடாது.

இந்த வழியில் மூன்று ஆபத்துகளை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்: பின்விளக்கு இருக்காது, சாலை அகலத்தில் பாதியை அடைத்துக்கொண்டு போகும். அறுவடை நேரத்தில் சாலையில் காயப்போட்டிருக்கும் நெல்லும் கதிரும், அதைச் சுற்றி அடுக்கிய கற்களும்: நெல் தெரியும், கல் தெரியாது. நாய்கள்: வேகம் எடுத்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவே வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைப்பதோடு விட்டுவிடும்.

படி 6: அந்த இரவு

மதியம் மூன்று மணி நேரமாவது தூங்குங்கள். மாலை ஆறு மணிக்கு இட்லியோ சாதமோ, எண்ணெய் குறைவாக. பரோட்டா வேண்டாம். பயணத்தில் பசிக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கொரு தடவை ஒரு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய் சாப்பிடுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், இடையிடையே உப்பு சர்க்கரைக் கரைசல். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, பஞ்சு வைத்த சைக்கிள் டவுசர் போட்டுக்கொள்ளுங்கள்.

வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் போதும். ஊத்தங்கரைவரை உற்சாகத்தில் எல்லோருக்கும் கால் பரபரக்கும், முதல் ஆள் இழுத்துப் பிடிக்க வேண்டும். "எங்கேங்க இந்நேரத்துல?" "பாண்டிக்குங்க." "சைக்கிள்லயா!" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டு, காசு வாங்க மாட்டேன் என்பார். கொடுத்துவிட்டு வாருங்கள்.

சிங்காரப்பேட்டை தாண்டி செங்கம்வரை ஒருபக்கம் ஜவ்வாது மலை, இன்னொருபக்கமும் மலை. பழைய செங்கம் கணவாய் இதுதான். பாராமகாலிலிருந்து (கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியின் பழைய பெயர்) கிழக்கே சமவெளிக்கு இறங்கும் வாசல் என்பதால் 1767இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் செங்கத்தில் மோதின. குளிர் இங்கேதான் அதிகம். ஒரு மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை பையில் இருக்கட்டும். இந்தப் பகுதியில் குழு ஒரு மீட்டர்கூடச் சிதறக் கூடாது.

இரண்டு மணி வாக்கில் திருவண்ணாமலை. ஒரு மணி நேரம் கட்டாய ஓய்வு. மூன்றிலிருந்து ஐந்து மணிவரைதான் உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும். ஒருவரின் சைக்கிள் வரிசையிலிருந்து விலகி அலைந்தாலோ, கூப்பிட்டதற்குத் தாமதமாகப் பதில் சொன்னாலோ, மொத்தக் குழுவும் நிற்க வேண்டும். விளக்கெரியும் பெட்ரோல் பங்கில் கேட்டுக்கொண்டு இருபது நிமிடம் படுக்கட்டும். அப்புறமும் தெளியவில்லை என்றால் குழுவின் பின்னால் வரும் துணை வண்டியில் அவர் ஏறிவிட வேண்டும், இதில் விவாதமே கூடாது. அடிபட்டால் 108.

படி 7: விடிந்த பிறகு

செஞ்சிக்குச் சற்று முன்பே கிழக்கு வெளுத்தால் கணக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பாறைகளை அடுக்கிவைத்தது போன்ற குன்றுகள், அவற்றின் மேல் மதில். இடையில்தான் நம் சாலை போகிறது. ஒருபுறம் ராஜகிரி, மறுபுறம் இருக்கும் குன்றின் பெயர் கிருஷ்ணகிரி. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. நம் ஊர்க்காரர்கள் அங்கே நின்று படம் எடுக்காமல் போக மாட்டார்கள், அதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

திண்டிவனத்தில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை குறுக்கிடும். தனித்தனியாக நுழையாமல் ஊருக்கு முன்பே கூடி, சேர்ந்து கடக்க வேண்டும். அதன்பின் நான்குவழிச் சாலை, இடது ஓரம். இனி நேரம் கடத்தாதீர்கள். காலை நேரத்தில் காற்று அநேகமாக அமைதியாக இருக்கும். தரை சூடேறியதும் கடற்காற்று உள்நோக்கி வீசத் தொடங்கி, முகத்தில் அடிக்கும். களைத்த காலுக்குக் கடைசி 20 கிலோமீட்டரில் எதிர்காற்று பெரும் வதை. பத்து மணிக்குள் சேர்வதுதான் குறி.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கரை பெரும்பாலும் பாறை. காந்தி சிலை அருகே உட்கார்ந்து பாருங்கள், இறங்கிக் குளிக்க நினைக்க வேண்டாம். தூக்கமில்லாத உடம்போடு வேறெந்தக் கரையிலும் ஆழத்துக்குப் போகாதீர்கள்.

திரும்பும் வழி முழுக்க ஏற்றம், அதனால் சைக்கிளில் திரும்பும் யோசனை வேண்டாம். ஒரு குட்டி யானையை (சிறிய சரக்கு வண்டி) முன்பே பேசி வைத்து, அதையே இரவெல்லாம் குழுவின் பின்னால் துணை வண்டியாக வரச்செய்தால் இரண்டு வேலையும் முடிந்துவிடும். ஓட்டுநருக்கும் பகலில் தூக்கம் வேண்டும், அவர் குறைந்தது ஐந்து மணி நேரம் தூங்கிய பிறகே கிளம்புங்கள். சைக்கிள்களுக்கு நடுவே பழைய போர்வை வைத்துக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று பட்ட செயின் இரண்டே நாளில் துருவேறிவிடும்.