பாலத்து விரிசல் வளர்கிறதா? சென்சார் பொருத்திக் கண்காணிக்கும் முறை

கம்பி கட்டிய கான்கிரீட்டில் விரிசல் இருக்கத்தான் செய்யும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ஏ பொதுவாக 0.3 மி.மீ. அகலம் வரை ஒத்துக்கொள்கிறது. எப்போதும் ஈரம் படும் உறுப்புகளில் 0.2 மி.மீ., கடுமையான அரிப்புச் சூழலில் 0.1 மி.மீ. வரை. ஆகவே விரிசலைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. அது வளர்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். வெயில் ஏறினாலும் இறங்கினாலும் விரிசலின் அகலம் மாறும். அந்த வெப்ப அசைவைக் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சினால் அதுதான் சேதம். கீழே வரும் வேலை முழுக்க அந்தக் கழித்தலை ஒழுங்காகச் செய்வதற்காகத்தான்.

சென்சார் வாங்கும் முன்பே விரிசலின் இரு முனைகளிலும் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். சென்சார் அகலத்தை மட்டும்தான் அளக்கும். நீளம் கூடுவது அதற்குத் தெரியாது.

எந்த விரிசலில் வைப்பது?

ஒரு கர்டரில் (தூண்களின் மேல் கிடந்து பாலத்தைத் தாங்கும் உத்திரம்) இருபது விரிசல் இருந்தால் இருபதுக்கும் சென்சார் வேண்டாம். கர்டர் தூணில் உட்காரும் முனைக்கு அருகே சாய்வாக ஓடும் விரிசலுக்கு முதலிடம் கொடுங்கள். அது வெட்டுவிசையால், அதாவது ஒரு பகுதியை அடுத்ததிலிருந்து நழுவச் செய்யும் விசையால் வருவது. அந்த வகை முறிவு அதிக அவகாசம் தராது. அடுத்தது நடுப்பகுதியின் அடியில் உள்ளவற்றில் மிக அகலமான விரிசல். மூன்றாவது சென்சார் கைவசம் இருந்தால் அதைப் பேரிங்கில், அதாவது தூணுக்கும் கர்டருக்கும் இடையே கர்டரை நகரவிடும் தாங்கியில் வையுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.01 மி.மீ. நீளும். 20 மீட்டர் கர்டர் 15 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. நீள வேண்டும். பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால் அந்த 3 மி.மீ. போக இடமின்றி கர்டரையும் தூணையும் இழுத்துத் தள்ளும். நல்ல பேரிங்கின் அசைவு வெப்பத்தோடு நேர்கோட்டில் போகும். இறுகிய பேரிங் அசையாமல் நின்று, திடீரென ஒரு படி தாவும். விரிசலின் காரணமே அங்கே தெரிந்துவிடலாம்.

என்ன சென்சார்?

மாதக்கணக்கில் நடக்கும் மெல்லிய மாற்றத்துக்கு வைப்ரேட்டிங் வயர் கிராக் மீட்டர்தான் சரி. உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி ஒன்று இருக்கும். மின்காந்தச் சுருள் அதை மீட்ட, அதிர்வெண்தான் அளவாக வெளியே வரும். கேபிள் சில நூறு மீட்டர் நீண்டாலும், இணைப்பில் மின்தடை கொஞ்சம் ஏறினாலும் அதிர்வெண் மாறாது. ஆனால் ஒரு லாரி கடக்கும் கணத்தில் விரிசல் திறந்து மூடுவதைச் சாதாரண வைப்ரேட்டிங் வயர் மீட்டரால் பிடிக்க முடியாது. அதற்கு நகர்வை உடனுக்குடன் மின்சைகையாக்கும் எல்.வி.டி.டி. சென்சாரும், வினாடிக்கு நூறு முறையாவது பதிவு செய்யும் லாகரும் (அளவுகளைச் சேமிக்கும் கருவி) வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் முதலாவதை வாங்குங்கள்.

பொருத்துதல்

பூச்சு, பெயின்ட் எல்லாவற்றையும் சுரண்டி வெறும் கான்கிரீட்டுக்கு வாருங்கள். கவர் மீட்டரால் கம்பி எங்கே ஓடுகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே டிரில் எடுக்க வேண்டும். விரிசலுக்கு இருபுறமும் ஒவ்வொரு துளை. சென்சாரின் இரு முனைகளையும் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகள் இவற்றில்தான் எபாக்ஸிப் பசையால் ஒட்டப்படும். இரண்டையும் சேர்க்கும் கோடு விரிசலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். 30 டிகிரி சாய்ந்துவிட்டால் உண்மையான திறப்பில் 87 சதவீதம்தான் பதிவாகும். சாய்ந்த விரிசலில் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நழுவுவதும் உண்டு. அதை அறிய விரிசலின் போக்கிலேயே இன்னொரு சென்சார் தேவை.

துளையைப் பிரஷ் போட்டு, காற்றடித்து, மறுபடி பிரஷ் போட்டு, மறுபடி காற்றடியுங்கள். உள்ளே தூசி தங்கினால் எபாக்ஸி கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சில மாதத்தில் ஆங்கர் நழுவும், வரைபடத்தில் அது விரிசல் வளர்வது போலவே தெரியும். கடலோரத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஆங்கர் போடுங்கள். எபாக்ஸி இறுகும்வரை இரு ஆங்கருக்கும் இடையே இடைவெளியை மாறாமல் வைக்கும் அளவுச் சட்டம் இருக்கட்டும். 24 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு சென்சாரை அது அளக்கக்கூடிய வீச்சின் நடுவில் நிறுத்திப் பூட்டுங்கள். நேர்வெயில் படாமல் மேலே ஒரு தகட்டு மூடியும் வேண்டும்.

டம்மி சென்சார் கட்டாயம். அதே மாடல், அதே ஆங்கர், அதே எபாக்ஸியோடு, பக்கத்தில் விரிசலே இல்லாத இடத்தில் ஒன்றைப் பொருத்துங்கள். 150 மி.மீ. இடைவெளியில் கான்கிரீட் 15 டிகிரிக்கு 0.0225 மி.மீ. நீளும். சென்சாரின் எஃகுத் தண்டும் ஏறக்குறைய அவ்வளவே நீளும், எபாக்ஸியும் மெல்ல இளகும். இவற்றைத் தாளில் கணக்கிடுவதைவிட டம்மியிடம் கேட்பதே நேர்வழி. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இதுதான். வெட்டிவிட்டால் பின்னால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

சென்சாருக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். அது சென்சாரின் சூட்டைச் சொல்லும், கர்டரின் சூட்டைச் சொல்லாது. மேல் தளத்தின் அடியிலும், கர்டரின் நடுவிலும், அடியிலுமாக மூன்று இடத்தில் 50 மி.மீ. ஆழத்துக்குத் தெர்மிஸ்டர் புதையுங்கள். பல தூண்களின் மேல் இடைவெட்டின்றி ஓடும் தொடர் கர்டரில் மேல்தளம் மட்டும் சூடேறும்போது நடுப்பகுதி அடி விரிசல் திறக்கும்; கர்டர் முழுக்கச் சீராகச் சூடேறி முனைகள் தடுக்கப்பட்டிருந்தால் அதே விரிசல் மூடும். ஒரே ஒரு வெப்ப அளவை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க இயலாது.

கேபிளை ஜி.ஐ. குழாய்க்குள் விடுங்கள், வெளியே விட்டால் எலி கடிக்கும். உறையின் கவசக் கம்பியை லாகர் முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இடியில் லாகர் போகாமலிருக்க ஒவ்வொரு சேனலுக்கும் சர்ஜ் அரெஸ்டர் தேவை.

அளவுகளைப் படித்தல்

15 நிமிடத்துக்கு ஒரு பதிவு, நாளைக்கு 96. ஒரு வருடம் முழுவதும் எடுத்தால்தான் கோடையும் மழையும் அடிப்படைக்குள் வரும். விரிசல் அகலத்தை நாள்வாரியாக வரைந்தால் வெறும் ஏற்ற இறக்கம்தான் தெரியும்; வெப்பத்துக்கு எதிராக வரையுங்கள். நல்ல கட்டமைப்பில் புள்ளிகள் ஒரு சாய்கோட்டை ஒட்டி ஒடுங்கிய வளையமாக விழும். கான்கிரீட்டின் உட்புறம் தாமதமாகச் சூடேறுவதால் அந்த வளையம் வருகிறது, அது கோளாறல்ல. வளையம் மொத்தமாக மேலே இடம்பெயர்ந்தால் விரிசல் நிரந்தரமாகத் திறந்திருக்கிறது. கோட்டின் சாய்வு மாறினால் கர்டரின் விறைப்போ (வளையாமல் எதிர்க்கும் தன்மை), முனைகளின் பிடிப்போ மாறியிருக்கிறது.

அலாரத்தை நேரடி அகலத்துக்கு வைக்காதீர்கள். டம்மியின் அசைவையும் வெப்பக் கோட்டையும் கழித்தபின் எஞ்சுவதற்கு வையுங்கள். எஞ்சும் அளவின் திட்ட விலக்கத்தைப் (சராசரியிலிருந்து அளவுகள் வழக்கமாகச் சிதறும் தூரம்) போல் மூன்று மடங்கு என்பது வழக்கமான எல்லை. ஆனால் எந்தச் சேதமும் இல்லாமலே 0.27 சதவீதப் பதிவுகள் அதைத் தாண்டும். பத்து சென்சார் இருந்தால் நாளைக்கு இரண்டு மூன்று பொய் அலாரம். ஒரே மாதத்தில் பொறுப்பாளர் அலாரத்தையே அணைத்துவிடுவார். எல்லையைத் தாண்டிய நிலை ஒரு முழுநாள் நீடித்தால் மட்டும் மெல்லிய வளர்ச்சிக்கான அலாரம் அடிக்கட்டும். இதைவிடப் பல மடங்கு பெரிய தாவலுக்கு மட்டும் உடனடி அலாரம்.

அதிர்வை அளந்தால் போதாதா?

அதிர்வை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைப் பொருத்தி, பாலம் தானாக ஆடும் இயல் அதிர்வெண் குறைவதைப் பார்க்கலாம் என்பார்கள். அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தோடு போகிறது: விறைப்பு 4 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் 2 சதவீதம்தான் குறையும். ஒற்றை விரிசல் அவ்வளவுகூடக் காட்டாது. சுவிட்சர்லாந்தில் இசட்24 பாலத்தை இடிக்கும் முன் 1997 நவம்பர் முதல் ஏறக்குறைய ஒரு வருடம் கண்காணித்தார்கள். 1998இல் வேண்டுமென்றே படிப்படியாகச் சேதமும் செய்து பார்த்தார்கள். குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போனபோது மேலிருந்த தார்ப்பூச்சு விறைத்து, அதிர்வெண் தெளிவாக ஏறியது. அந்த ஏற்றத்தைப் பிரிக்காமல் சேதத்தைத் தேட முடியவில்லை. பாலத்தின் மொத்த நடத்தையை அறிய அதிர்வு நல்ல துணை. ஆனால் விரிசலுக்கு விரிசலின் மேலேயே சென்சார் வேண்டும்.

அலாரம் அடித்தால் முதலில் டம்மியைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து தாவியிருந்தால் கோளாறு லாகரிலோ பேட்டரியிலோ இருக்கிறது. டம்மி அசையவில்லை என்றால் நேரில் போய் ஆங்கரைக் கையால் அசைத்துப் பாருங்கள், பல அகலக் கோடுகள் அச்சிட்ட அளவு அட்டையால் அகலத்தை அளந்து, முனைகளில் போட்ட கோட்டை விரிசல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கர் உறுதியாக இருந்து அட்டையும் அதே வளர்ச்சியைக் காட்டினால், கட்டமைப்புப் பொறியாளர் வரும்வரை கனரக வண்டிகளை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.