நீச்சல் தடாகச் சூடாக்கிக்கு எரிவாயுக் குழாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்ததும் ஒன்ராறியோவில் பின்வளவுத் தடாகங்களின் மூடிகள் கழற்றப்படும். எங்களைப் போன்ற எரிவாயுத் தொழில்நுட்பர்களுக்கு வேலையும் குவியும். ஜி3 என்ற தொடக்கநிலை எரிவாயுச் சான்றிதழோடு என்னிடம் வேலை பழக வரும் இளைஞர்கள், நான் தொடக்க காலத்தில் விட்ட அதே பிழைகளை அதே நம்பிக்கையோடு விடுவதைப் பார்க்கும்போது சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகின்றன. மூட்டுகளைச் சவர்க்கார நீர் பூசிச் சோதிக்க வேண்டும் என்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் குழாயைத் தொடவே கூடாது. இந்த மாகாணத்தில் சொந்த வீடே ஆனாலும் எரிவாயு வேலையைச் சான்றிதழ் இல்லாதவர் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே வீட்டுக்காரர்கள் இதைப் படிப்பது, வருகிறவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காக இருக்கட்டும்.

எங்கிருந்து அளக்கிறீர்கள்?

இந்த ஒரு பிழைதான் இன்றும் என் பொறுமையைச் சோதிக்கிறது. நிலவறையில் ஏற்கெனவே ஓர் அங்குலக் குழாய் ஓடுகிறது. அதில் ஒரு ‘ரீ’ (கிளை பிரிக்கும் மூன்றுவாய் இணைப்பு) போட்டு, சுவரைத் துளைத்து, புல்தரைக்கு அடியால் 70 அடி கொண்டுபோனால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிறகு, எந்த நீளத்துக்கு எந்தக் குழாய் என்று காட்டும் அளவு அட்டவணையை விரித்து 70 அடி வரிசையைப் பார்க்கிறார்கள். அட்டவணை கேட்பது கிளை பிரியும் இடத்திலிருந்து உள்ள தூரத்தை அன்று. எரிவாயு மீற்றரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சாதனம் வரையான முழுத் தூரத்தை. மீற்றரிலிருந்து அந்த ‘ரீ’ வரை 30 அடி இருந்தால் கணக்கு 100 அடியில் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவையும் இத்தனை அடிக் குழாய்க்குச் சமம் என்று கணக்கிடும் சமநீளம் அதற்கு மேல்.

வீட்டுக்குள் வரும் எரிவாயுவின் அழுத்தம் வழக்கமாக 7 அங்குல நீர்மட்டம், அதாவது ஒரு பி.எஸ்.ஐ.யின் (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) கால்வாசி. பலூன் ஊதும் குழந்தையின் மூச்சுக்கே இதைவிட வலு உண்டு. இவ்வளவு மெல்லிய அழுத்தத்தில், குழாயில் அரை அங்குல நீர்மட்ட அழுத்தத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்று கணக்கிட்டால், 100 அடி நீளமான ஓர் அங்குல உருக்குக் குழாய் மணிக்குச் சுமார் 200,000 பி.டி.யூ.வைத்தான் (வெப்பத்தை அளக்கும் அலகு) கொண்டுசெல்லும். பெரிய தடாகச் சூடாக்கி ஒன்று கேட்பது 400,000. ஒன்றேகால் அங்குலக் குழாய் மட்டுமட்டாகப் போதும். இரண்டு வளைவு கூடினால் அதுவும் போதாது.

அதோடு முடியவில்லை. வெப்ப உலை 80,000, நீர் சூடாக்கி 40,000, அடுப்பு 65,000, துணி உலர்த்தி 22,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீற்றருக்கும் ‘ரீ’க்கும் இடைப்பட்ட பகுதி இத்தனையையும் சூடாக்கியோடு சேர்த்துச் சுமக்க வேண்டும்: 607,000. அந்த 30 அடிக்கு என் கணக்கில் இரண்டு அங்குலக் குழாய் வேண்டும். நிலவறையைத் திறந்து குழாய் மாற்ற வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், மீற்றரிலிருந்து தடாகத்துக்குத் தனிக் குழாய் போடலாம். அல்லது எரிவாயு நிறுவனத்திடம் பேசி 2 பி.எஸ்.ஐ. அழுத்தம் பெற்று, சூடாக்கிக்கு அருகே அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு றெகுலேற்றர் வைக்கலாம். அப்போது ஓர் அங்குலக் குழாயே தாராளம்.

இதை நான் கற்றது மார்க்கம் நகரில் ஒரு வீட்டில். சூடாக்கி ஓடாதபோது அழுத்தம் அளக்கும் மனோமீற்றரைச் செருகினேன். அழகாக 7 அங்குலம் காட்டியது. ஓகஸ்ட் முழுவதும் முறைப்பாடு வரவில்லை. வீட்டுக்காரர் குழாயின் மேல் இன்ரர்லொக் கற்களைப் பதித்துவிட்டார். செப்ரெம்பர் கடைசியில் ஒரு குளிர் இரவில் உலை பற்றியதும் தடாகச் சூடாக்கி அணைந்தது; மூட்டினால் மீண்டும் அணைந்தது. மறுநாள் எல்லாச் சாதனங்களையும் ஒன்றாக எரியவிட்டு அளந்தேன், முள் 3.8க்கு இறங்கியது. சூடாக்கியின் தகட்டில் குறைந்தபட்சம் 5 என்று அச்சடித்திருந்தது. உள்ளே எரிவாயு பட்டினியில் எரிந்ததால் வெப்பமாற்றியின் இடுக்குகளில் கரி படிந்திருந்தது. கற்களைப் பெயர்த்து, மீண்டும் அகழி வெட்டி, புதிய குழாய் போட்டு, கற்களைப் பதித்துக் கொடுத்தேன். அந்தக் கோடையில் உழைத்ததில் பெரும்பகுதி அந்த வளவிலேயே புதைந்தது.

ஆகவே என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளிடம் சொல்வது இது: காற்றடைத்துச் செய்யும் அழுத்தச் சோதனை கசிவு இல்லை என்பதை மட்டுமே காட்டும், குழாய் போதுமா என்பதைக் காட்டாது. அகழி திறந்திருக்கும்போதே உலை, அடுப்பு, உலர்த்தி, சூடாக்கி எல்லாவற்றையும் முழுச் சுடரில் எரியவிட்டுச் சூடாக்கியின் நுழைவாயிலில் அளவெடுங்கள்.

மீற்றர்

வீட்டு மீற்றர்கள் பல, மணிக்கு 250 கனஅடி அளவில் கணிக்கப்பட்டவை. ஒரு கனஅடி சுமார் 1,000 பி.டி.யூ. என்பதால் சூடாக்கி மட்டும் 400 கனஅடி கேட்கும். நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். மாற்றித் தர அவர்களுக்கு நாளெடுக்கும்.

ஜி2 எல்லை

ஜி2 சான்றிதழ் உள்ளவர் வேலை செய்யக்கூடியது மணிக்கு 400,000 பி.டி.யூ. வரையான சாதனத்தில். அதற்கு மேல் ஜி1 சான்றிதழ் வேண்டும்.

கடைசி மூன்று அடி

அகழியில் ஒன்றேகால் அங்குலக் குழாயைக் கொண்டுவந்துவிட்டு, சூடாக்கியோடு இணைக்கும்போது கையில் கிடைத்த அரை அங்குல நெளிகுழாயைப் பூட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். மேலே எழுதிய கணக்கு முழுவதும் அந்த மூன்று அடியில் வீணாகிறது.

தோண்டுவதற்கு முன்

ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்தால் நிலத்தடிக் கம்பி, குழாய்களை இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். ஆனால் எரிவாயுவுக்கான மஞ்சள் கோடு மீற்றரோடு நின்றுவிடும். முந்திய சொந்தக்காரர் பார்பிக்கியூவுக்கோ தடாகத்துக்கோ போட்ட குழாய் தனியார் குழாய். அதற்குத் தனியாக ஆள் பிடித்துக் குறிக்க வேண்டும். கோடு இல்லாத இடத்தில் குழாயும் இல்லை என்று நம்பித்தான் மண்வெட்டி இறங்குகிறது.

மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்

மண்ணுக்கு மேலே தலை காட்டக் கூடாது. மேலேறும் இடத்தில் அதற்கென்று செய்த உருக்கு எழுகுழாயைப் பூட்டுங்கள். கூடவே தடம்காட்டும் கம்பியைப் போட்டு, அதன் இரு முனைகளையும் மேலே தெரியும்படி விடுங்கள். பிளாஸ்டிக்கைக் கருவியால் தேட முடியாது. நான் அகழியின் படத்தை, வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி என்ற அளவுகளோடு வரைந்து, நிலவறை மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன்.