டிஸ்னி டைம்ஷேர்: நிறுவனத்திடம் வாங்கும்போதும் மறுவிற்பனையில் வாங்கும்போதும் சறுக்கும் இடங்கள்

டிஸ்னியின் விடுதிகளில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையை முன்கூட்டியே வாங்கி வைப்பதுதான் டிஸ்னி டைம்ஷேர். அந்தத் திட்டத்தின் பெயர் டிஸ்னி வெகேஷன் கிளப், அறை பதிய ஆண்டுதோறும் கிடைக்கும் அளவே பாயிண்ட். ஃப்ளோரிடாவில் இந்தப் பாயிண்டை டிஸ்னி நிறுவனத்திடமே வாங்கினால் ஒரு பாயிண்டுக்கு 200 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். சரடோகா ஸ்பிரிங்ஸ் போன்ற பழைய விடுதியின் பாயிண்டைப் பழைய உறுப்பினரிடமிருந்து தரகர் மூலம் வாங்கினால் ஏறக்குறைய பாதி விலைதான். 150 பாயிண்ட் வாங்குபவருக்கு இது 15,000 டாலர் வரை வித்தியாசம். இதைப் பார்த்ததும் மறுவிற்பனையே லாபம் என்று முடிவுகட்டுவது முதல் தவறு. நிறுவனத்திடம் வாங்கினால்தான் பாதுகாப்பு என்று நம்பிக் கையெழுத்துப் போடுவது அதற்குச் சற்றும் குறையாத தவறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு இடத்திலும் விற்கப்படுவது ஒரே சரக்கு அல்ல.

2019 ஜனவரி 19 முதல் மறுவிற்பனையில் வாங்கப்படும் பாயிண்டுகளுக்கு டிஸ்னி ஒரு வேலி போட்டிருக்கிறது. பழைய 14 விடுதிகளில் ஒன்றின் பாயிண்டை வாங்கினால், அந்த 14-க்குள் மட்டும் தங்கலாம். அதன் பிறகு வந்த ரிவியேரா, டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லா, ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின் மூன்றிலும் அந்தப் பாயிண்ட் செல்லாது. பாலினீசியன் விடுதியின் புதிய கோபுரம் மட்டும் பழைய பாலினீசியன் உரிமையாளர் சங்கத்துடனேயே சேர்க்கப்பட்டதால் இந்தத் தடைக்கு வெளியே நிற்கிறது. ரிவியேரா பாயிண்டை மறுவிற்பனையில் வாங்குபவர் நிலை இன்னும் இறுக்கமானது. அவர் ரிவியேராவில் மட்டுமே தங்க முடியும். கப்பல் பயணத்துக்கு மாற்றும் வசதியும் மறுவிற்பனைப் பாயிண்டுக்கு இல்லை. அந்தப் பரிமாற்றம் பணத்துக்கேற்ற மதிப்பைத் தருவதில்லை என்பதால் அதை இழப்பாகவே கருத வேண்டியதில்லை.

நிறுவனத்திடம் வாங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது இதன் மறுபக்கத்தை. இன்று ரிவியேராவை முழு விலைக்கு வாங்கி, ஏழெட்டு வருடத்தில் விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் கையில் கிடைப்பது ஒரே விடுதிக்குள் அடைபட்ட பாயிண்ட். அதற்கேற்ற விலையைத்தான் அவர் தருவார். என்றாவது விற்க வேண்டி வரலாம் என்று நினைப்பவர்கள் புதிய விடுதிகளை நேரடியாக வாங்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

எந்த விடுதியை வாங்குவது என்பதில் விலையைவிட முன்பதிவு விதி முக்கியம். பாயிண்ட் வாங்கிய சொந்த விடுதியில் 11 மாதம் முன்பே அறை பதியலாம். மற்ற விடுதிகளுக்கு 7 மாதம் முன்புதான் கதவு திறக்கும். பாயிண்ட் விலை மலிவு என்பதற்காகக் கடற்கரை விடுதியான வீரோ பீச்சை வாங்கிவிட்டு, டிசம்பரில் டிஸ்னி வேர்ல்டில் உள்ள பீச் கிளப் விடுதியில் தங்க நினைப்பவர் 7 மாதக் கணக்கில் உள்ளே வரும்போது நல்ல அறைகள் போயிருக்கும். போதாக்குறைக்கு வீரோ பீச்சின் வருடப் பராமரிப்புக் கட்டணம் மற்ற விடுதிகளைவிட அதிகம். இந்தக் கட்டணம் நேரடியாக வாங்கினாலும் மறுவிற்பனையில் வாங்கினாலும் ஒன்றுதான், ஆண்டுக்காண்டு ஏறவும் செய்யும். பாயிண்டுக்கு 9 டாலர் என்றால் 150 பாயிண்டுக்கு வருடம் 1,350 டாலர். ஒரு நாள்கூடத் தங்காவிட்டாலும் கட்டியாக வேண்டும்.

ஒப்பந்தம் முடியும் தேதியைப் பலர் பார்ப்பதே இல்லை. இங்கே வாங்குவது நிலமல்ல, குத்தகை. போர்டுவாக், பீச் கிளப், போல்டர் ரிட்ஜ் ஆகியவை 2042 ஜனவரி 31-ல் முடிந்துவிடும். சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054 வரை ஓடும், ரிவியேரா 2070 வரை. உதாரணத்துக்கு, 2026-ல் 90 டாலருக்கு போர்டுவாக் பாயிண்ட் வாங்கினால் 16 வருடத்துக்கு, வருடத்துக்கு 5.63 டாலர் விழுகிறது. 105 டாலருக்கு சரடோகா வாங்கினால் 28 வருடத்துக்கு 3.75 தான். விலை கூடுதலாகத் தெரிந்தது உண்மையில் மலிவு. விலையை எஞ்சிய வருடங்களால் வகுத்து, அதோடு வருடக் கட்டணத்தைக் கூட்டுங்கள். ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

அடுத்தது உபயோக ஆண்டு. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் பாயிண்ட் வந்து சேரும் மாதம் ஒன்று உண்டு. பயன்படுத்தாத பாயிண்டை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்க, அந்த மாதத்திலிருந்து 8 மாதம்தான் அவகாசம். டிசம்பர் உபயோக ஆண்டு வைத்திருப்பவருக்கு ஜூலை 31 கெடு. அவர் நவம்பரில் பயணம் வைத்து, அக்டோபரில் ரத்து செய்ய நேர்ந்தால், சேமிக்கும் கெடுவும் போயிருக்கும், நவம்பர் 30-க்குள் வேறு அறையும் கிடைக்காது. பாயிண்ட் அப்படியே காலாவதி ஆகும். வழக்கமாகப் பயணம் போகும் மாதம் உபயோக ஆண்டின் தொடக்கத்துக்கு அருகில் வருமாறு வாங்குங்கள். இரண்டாவது ஒப்பந்தம் வாங்கும்போது பழையதில் உள்ள அதே உபயோக ஆண்டும் உரிமையாளர் பெயர்களும் இருக்கட்டும். இல்லாவிட்டால் தனித்தனி உறுப்பினர் எண் வந்துவிடும், இரண்டின் பாயிண்டையும் சேர்த்து ஓர் அறை பதிவது பெரும்பாடு.

மறுவிற்பனையில் பெரிய சறுக்கல் காலியான ஒப்பந்தத்தில் நிகழ்கிறது. விற்பவர் இந்த ஆண்டுப் பாயிண்டைச் செலவழித்து, அடுத்த ஆண்டுப் பாயிண்டையும் முன்கூட்டியே எடுத்து ஊர் சுற்றியிருப்பார். விளம்பரத்தில் 150 பாயிண்ட் என்றுதான் இருக்கும். கையில் பாயிண்ட் வர இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். எந்த ஆண்டில் எத்தனை பாயிண்ட் மிச்சம் என்று தரகரிடம் எழுத்தில் கேளுங்கள். பாயிண்ட் இல்லாத ஆண்டின் பராமரிப்புக் கட்டணம் விற்பவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திரப் பதிவுக்கு முன் டிஸ்னியிடமிருந்து எஸ்டாப்பல் என்ற சான்று வரும். அதிலுள்ள எண்கள் உங்களிடம் சொன்னவற்றோடு பொருந்துகின்றனவா என்று வரி வரியாகச் சரிபார்த்த பிறகே மீதிப் பணத்தை அனுப்புங்கள்.

நீங்கள் பேசி முடித்த அதே விலைக்கு டிஸ்னியே அந்த ஒப்பந்தத்தை வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை உண்டு, அதற்கு 30 நாள் அவகாசம். மிகக் குறைந்த விலைக்கு முடித்தால் இது நடக்கும். முன்பணம் திரும்பி வரும், காலம்தான் வீண். பத்திரம், உறுப்பினர் எண் எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்பதால் பாயிண்ட் கைக்கு வரும்முன் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். விற்பவர் அமெரிக்கர் அல்லாதவர் என்றால், விலக்கு இருந்தாலொழிய, விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குக் கட்டும் சட்டப் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழும். இதைப் பத்திரப் பதிவை நடத்தித் தரும் நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள்.

நேரடி விற்பனையில் பணம் போகும் வழி கடன். 25,000 டாலரை 12 சதவீத வட்டிக்கு 10 வருடத்துக்கு எடுத்தால் மாதம் 359 டாலர், கட்டும் வட்டி மட்டும் 18,000 டாலர். கடனில்தான் வாங்க முடியும் என்றால் இரண்டு சந்தையிலும் வாங்க வேண்டாம்.

விடுதியைச் சுற்றிக் காட்டிவிட்டு விற்பனை பேசும் மேசையில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஃப்ளோரிடா சட்டம் 10 நாள் தருகிறது. கையெழுத்திட்ட நாள், கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. விற்பனையாளரிடம் தொலைபேசியில் சொன்னால் போதாது. ரத்து செய்கிறேன் என்று ஒப்பந்த எண்ணுடன் கடிதம் எழுதி, ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் ரத்து முகவரிக்குச் சான்றளிக்கப்பட்ட தபாலில் அனுப்புங்கள். அனுப்பிய தேதியே கணக்கு. தபால் ரசீதைப் பணம் திரும்பி வரும்வரை பத்திரமாக வையுங்கள்.