நூற்புழுக்களை அந்தியில் தெளியுங்கள்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் புல்தரையின் வேரைத் தின்று அழிக்கும் ஜப்பானிய வண்டின் வெண்புழுக்களைக் கட்டுப்படுத்த, ஹெட்டரோராப்டிடிஸ் பாக்டீரியோஃபோரா என்னும் நன்மை செய்யும் நூற்புழுவைப் பலர் வாங்குகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத இந்த உயிர்களை நடுப்பகலில் தெளித்தால், வெயிலின் புற ஊதாக் கதிர்களும் வறட்சியும் அவற்றை மண்ணுக்குள் இறங்கும் முன்பே கொன்றுவிடும்; செலவிட்ட பணம் முழுவதும் வீணாகும்.

ஆகவே வெண்புழுக்கள் இளசாக இருக்கும் ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில், பொழுது சாயும் வேளையையோ மேகமூட்டமான நாளையோ தேர்ந்தெடுங்கள். முதலில் தரையை நன்றாக நனைத்து, தெளித்த கையோடு மீண்டும் நீர் பாய்ச்சினால், இலைகளில் ஒட்டியிருப்பவை வேர்ப்பகுதிக்குக் கழுவப்பட்டுச் சேரும். அடுத்த இரண்டு வாரங்களுக்கும் மண் ஈரமாகவே இருக்க வேண்டும். மண்ணின் வெப்பநிலை 15 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. 35 டிகிரியைத் தாண்டினால் இவை சோர்ந்து மடியத் தொடங்கும்.

பொட்டலத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைப்பதும் அதே அளவு கேடு என்பதால், வீட்டுக்கு வந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், ஆனால் உறைய விடாதீர்கள். நீரில் கலந்த நூற்புழுக்களை அன்றே தெளித்து முடித்துவிடுங்கள்.