நாற்பதுக்குப் பிறகு ஓடத் தொடங்குவது எப்படி: தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட் வரை

அப்புத்தளையில் பிறந்து வளர்ந்த நான், 46 வயது வரை லிப்டன் சீட்டைப் பார்த்ததில்லை. எத்தனையோ நாடுகளிலிருந்து வருகிறவர்கள் விடியற்காலையில் முச்சக்கர வண்டி பிடித்துப் போய்ப் பார்க்கும் அந்த உச்சி, என் பாட்டி கொழுந்து பறித்த மலைகளுக்கு மேலேதான் இருக்கிறது. வாழ்நாளில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் எழுத உட்கார்ந்த இரவில், முதல் வரியாக அதை எழுதினேன். வண்டியில் போகாமல் ஓடிப் போக வேண்டும் என்றும் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். ஆறு மாதங்களில் அது நிறைவேறியது. அந்த ஆறு மாதங்களில் கற்றதை, இதுவரை ஓடியே பழகாத மலையக வாசகர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

வயதை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 2023 இல் தம் 72 ஆவது வயதில் பிலிப்பைன்ஸ் சென்று, மூத்தோர் மெய்வல்லுனர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

முதல் படி: ஓர் இடத்தையும் ஒரு நாளையும் முடிவு செய்தல்

"உடம்புக்கு நல்லது" என்ற எண்ணம் மட்டும், மழை பெய்யும் காலை ஐந்து மணிக்கு நம்மைப் போர்வைக்குள்ளிருந்து எழுப்புவதில்லை. போக வேண்டிய இடமும் நாட்காட்டியில் வட்டமிட்ட தேதியும் எழுப்புகின்றன. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி 24 வாரங்களை எண்ணி, அன்று பயிற்சியைத் தொடங்குங்கள்.

தேதியை முடிவு செய்வதற்கு மழையின் போக்கை அறிந்திருக்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்திருக்கும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவமழை இறங்கிவிடும். அதே மழை மலைகளில் தடுக்கப்படுவதால், பண்டாரவளை, அப்புத்தளை உள்ளிட்ட ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் வறண்டிருக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றுகிற காய்ந்த காற்று வீசுவதும் அந்தக் காலத்தில்தான். ஆகவே பெப்ரவரியில் தொடங்கி ஓகஸ்டில் லிப்டன் சீட்டுக்கு ஓடுவது என்று நான் முடிவு செய்தேன்.

இரண்டாம் படி: உடலைச் சோதித்துக்கொள்ளல்

அரசாங்க மருத்துவமனைகளை ஒட்டி இயங்கும் ஆரோக்கியமான வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி முதலியவற்றை இலவசமாகவே பார்க்கிறார்கள். மலை ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏதேனும் இருந்தால், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஓடாதீர்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் ஓடும்போது சீனி திடீரென்று இறங்கக்கூடும் என்பதால், சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: சப்பாத்து

விலை உயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் பாதம் முன்னுக்குச் சரியும்போது அந்த இடம்தான் நகங்களைக் காப்பாற்றுகிறது.

நான்காம் படி: முதல் எட்டு வாரங்கள்

வாரத்தில் மூன்று நாட்கள் போதும். ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் இடையில் ஓய்வு வேண்டும். ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிய பின், ஒரு நிமிடம் மெதுவாக ஓடி இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். இதை எட்டு முறை செய்து, ஐந்து நிமிட நடையோடு முடியுங்கள். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஓடும் நேரத்தை ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டி, பிறகு நடக்கும் நேரத்தைக் குறைத்து வாருங்கள். எட்டாம் வார முடிவில் பலராலும் இருபது நிமிடம் நிற்காமல் ஓட முடிகிறது. முடியாவிட்டால் இன்னும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பாடசாலை மைதானம், நுவரெலியாவில் இருப்பவர்களுக்குக் கிரகரி வாவிக் கரை போன்ற சமதரை ஏற்றது.

தூரத்தை அளக்காமல் நிமிடங்களை எண்ணுங்கள். எங்கள் தெருக்களில் ஒரு கிலோமீற்றருக்கும் அடுத்த கிலோமீற்றருக்கும் ஒற்றுமையே இருப்பதில்லை. வேகத்துக்கு என் அளவுகோல் திருக்குறள்: ஓடிக்கொண்டே ஒரு குறளை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் குறைக்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்து ஓடுகிறவர்கள் இன்னும் மெதுவாக ஓடட்டும். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான்.

ஐந்தாம் வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றுவிட்ட மகிழ்ச்சியில், ஒரே நாளில் வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஓடினேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியபோது குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் கயிறு போல் இறுகி வலித்தது. மூன்று வாரங்கள் ஓட முடியவில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. தசைநாண்களுக்கோ மாதக்கணக்கில் வேண்டும், நடுவயதில் இன்னும் கூடுதலாக. மூச்சு "போகலாம்" என்று சொன்னாலும், கால் சொல்வதையே கேளுங்கள்.

ஐந்தாம் படி: இறங்கக் கற்றல்

ஒன்பதாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் மலைக்குப் போகலாம். ஏற்றம் மூச்சை வாங்கும். ஆனால் முழங்காலையும் தொடையையும் பதம் பார்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அதில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, ஓரிரு நாட்கள் கழித்தே வலி உச்சத்துக்கு வருகிறது. சிறிய இறக்கம் ஒன்றில் ஒருமுறை பழகினாலும் அடுத்த சில வாரங்களுக்கு அந்த வலி வெகுவாகக் குறையும்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர், பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த ஓர் அக்கா. நான் தேயிலைக்கு நடுவிலுள்ள குறுக்குப் பாதையில் குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கால எட்டி வக்காதீங்க. முட்டிய லேசா மடக்கிக்கிட்டுச் சின்னச் சின்னதா வச்சு எறங்குங்க" என்றார். பிறகு, முதுகில் கூடை நிறையக் கொழுந்தோடு அவரே இறங்கிக் காட்டினார். பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, உடலுக்கு நேர் கீழே வைத்து, அடுத்த அடியை உடனே எடுத்தார். எந்த அடியிலும் முழுப் பாரமும் தங்கவில்லை. பாதையில் சறுக்கல் மண் இருந்தும் ஒரு கல்கூட உருளவில்லை. அன்றிலிருந்து நான் அப்படியே இறங்குகிறேன். அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஓட வருகிறார்.

இதோடு வாரம் இருமுறை, வீட்டுப் படியில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதையும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதையும் பதினைந்து தடவை வீதம் மூன்று சுற்று செய்யுங்கள். முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருவதால், இதைத் தவிர்க்கக் கூடாது.

ஆறாம் படி: பாதையின் ஆபத்துகள்

வாகனங்கள் எதிரே வருவது தெரியும்படி தெருவின் வலப்பக்கமாக ஓடுங்கள். பனிமூட்டத்தில் வெளிர்நிற உடையும் சிறு விளக்கும் கட்டாயம். குளவிக் கூடு இருக்கும் மரங்களைத் தோட்டத்து மக்களிடம் விசாரித்து, அந்தப் பாதையையே விட்டுவிடுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் மலைப்பாதை வேண்டாம்.

ஏழாம் படி: அந்த நாள்

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை சுமார் 10 கிலோமீற்றர். அங்கிருந்து உச்சிக்கு மேலும் 7 கிலோமீற்றர். தொழிற்சாலை வரை வண்டியில் போய், அங்கிருந்து ஓடுவது தொடக்கத்துக்குப் போதும். காலை ஒன்பது மணிக்கெல்லாம் மூட்டம் ஏறி, பார்க்க வந்ததை மறைத்துவிடும் என்பதால் விடியும்போதே புறப்படுங்கள். ஒரு மணி நேரம் முன்பாக ஒரு வாழைப்பழமும் சீனி போட்ட பிளேன்டீயும் போதும். கையில் தண்ணீரும் சில பேரீச்சம்பழங்களும் இருக்கட்டும். செங்குத்தான வளைவுகளில் தயங்காமல் நடங்கள். சுமார் 1,970 மீற்றர் உயரமுள்ள உச்சியில் வியர்வை உடனே குளிர்ந்துவிடும். காற்றைத் தடுக்கும் மேலாடை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு போங்கள். திரும்பும் வழியில் பாதித் தூரமாவது நடந்தே இறங்குங்கள். அடுத்த மூன்று நாட்கள் ஓட வேண்டாம்.

அதன்பின் பட்டியலில் அடுத்த வரிக்குப் போகலாம். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துத் திரும்பும் சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். அது நடந்து பார்க்க வேண்டிய இடம். சிவனொளிபாதமலை ஏறும் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரை. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ பாதை என்ற நடைப்பயணப் பாதையை, விடுமுறைக்கு ஒரு கட்டமாகச் சில வருடங்களில் முடிக்கலாம்.

கொழும்பு, சென்னை போன்ற நகரங்களின் மரதன்களுக்குப் போகிறவர்கள் வெப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். குளிரில் பழகிய உடல் சூட்டுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அவ்வளவு முன்னதாகப் போக முடியாதவர்கள், கடைசி இரண்டு வாரங்கள் நண்பகலில் ஒரு மேலாடை கூடுதலாக அணிந்து, தண்ணீர் அருந்திக்கொண்டு மெதுவாக ஓடிப் பழகலாம். போட்டியன்று வழக்கமான வேகத்தைக் குறைத்தே தொடங்க வேண்டும். பயணச் செலவுக்கு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம். முதல் சீட்டு அக்காவுக்கு விழுந்தது. கடவுச்சீட்டுக்கான படத்தைப் போன வாரம் பண்டாரவளையில் எடுத்துவிட்டு வந்தார்.