நிட்டினால் கம்பியை இழுத்து மின்தடை அளக்கையில் எங்கே தப்பு நடக்கிறது?

நிட்டினால் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம்; குளிரில் இழுத்து நீட்டினாலும், சூடாக்கினால் ‘நினைவில்’ உள்ள பழைய வடிவத்துக்குச் சுருங்கிவிடும். எந்தக் கம்பியையும் இழுத்தால் நீளும், மெலியும், மின்தடை ஏறும். கன அளவு மாறவில்லை என்று கொண்டால் 4% இழுவைக்கு மின்தடை சுமார் 8% கூட வேண்டும். செம்புக்கம்பி போல நினைத்து இந்தக் கணக்கோடு நின்றுவிடுவதுதான் முதல் தவறு. நிட்டினாலைக் குளிர்ந்த நிலையில் இழுத்தால் உள்ளே மார்ட்டென்சைட் (குளிர்நிலைப் படிக அமைப்பு) படிகங்கள் திசை மாறி அடுக்கப்படும். சூடாக்கினால் அதுவே ஆஸ்டெனைட் (சூடுநிலைப் படிக அமைப்பு) ஆகும். இரண்டிலும் உலோகத்தின் தன்தடையே (நீளம், தடிமனைச் சாராத, உலோகத்துக்கே உரிய மின்தடை) மாறுகிறது. சூடேறிச் சுருங்கும்போது மின்தடை இறங்குவதைப் பார்த்து மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது அளவீடு. பெரும்பாலான குழப்பம் இங்கேதான். 0.15 மி.மீ. கம்பி 10 செ.மீ. எடுத்தால் ஏறத்தாழ 5.5 ஓம். 4% இழுத்தால் கூடுவது அரை ஓமுக்கும் குறைவு. மல்டிமீட்டரின் வயர்களும் முனைகளுமே கிட்டத்தட்ட அவ்வளவு காட்டும்! ஆகவே நான்கு முனை முறைதான் சரி: வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். 10 மில்லி ஆம்பியர் விட்டால் மாற்றம் 4.5 மில்லி வோல்ட் வரும். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி 5 வோல்ட், 10 பிட் என்றால், அதில் அது ஒரு படிகூட இல்லை. பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) வைத்து 50 மடங்கு பெருக்கினால் சுமார் 46 படி கிடைக்கும். பெருக்கிக்குப் பதில் மின்னோட்டத்தை ஏற்றுவது குறுக்குவழி. இந்தக் கம்பி 400 மில்லி ஆம்பியர் வாக்கில் சுருங்கவே தொடங்கிவிடும்; அதற்கு முன்பே சூடேறி அளவைக் கெடுக்கும்.

முனைகளைச் சால்டர் செய்யாதீர்கள். மேலுள்ள ஆக்சைடில் ஈயம் ஒட்டாது, சூடு அந்த இடத்தின் நினைவையும் குலைக்கும். கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) போடுங்கள். கிரிம்ப் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு வையுங்கள். இழுத்தபின் கோடு நகர்ந்திருந்தால் கம்பி வழுக்கியிருக்கிறது, அந்த அளவை விட்டுவிடலாம்.

குளிரில் இழுத்த கம்பி, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஒவ்வொரு முறையும் சூடாக்கிச் சுருக்கி, முழுதும் ஆறவிட்டே அடுத்த அளவை எடுக்க வேண்டும். புதுக்கம்பியில் இப்படி இழுத்துச் சூடாக்கும் முதல் சில டஜன் சுற்றுகளில் அளவுகள் நிலைகொள்ளாமல் நகரும். அவற்றை மின்தடை-நீள அட்டவணையில் சேர்க்காதீர்கள். 4, 5 சதவீதத்தைத் தாண்டி இழுத்தால் பழைய நீளமே மீளாமல் போகலாம்.

மின்தடையும் நீளமும் மாறுவது சூடேறும்போது ஒரு பாதையில், ஆறும்போது வேறொரு பாதையில். ஒரே மின்தடைக்கு இரண்டு நீளம் வரும் என்பதால் இரண்டு அட்டவணை தேவை.