சுண்டெலிக் கருவில் யோக் சாக்கையும் நஞ்சுக்கொடியையும் பிரித்தெடுப்பது எப்படி? (12.5ஆம் நாள்)

பாடநூலில் 'கரு உணவுப்பை' என்று இருப்பதை லேபில் எல்லோரும் யோக் சாக் என்றே சொல்வார்கள். மனிதக் கருவில் அது ஓரமாகத் தொங்கும் சின்னப் பை. சுண்டெலியில் கதையே வேறு: கருவை முழுதாகச் சுற்றிக்கொண்டு, பிரசவம் வரை வேலை செய்யும். மனிதப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தால் குழப்பம்தான்.

வெளியிலிருந்து உள்ளே வரிசை இது: கருப்பைத் தசை, டெசிடுவா (கரு பதிந்த கருப்பை உட்சுவர், தாயினுடையது), ரைக்கர்ட் சவ்வோடு கூடிய வெளி யோக் சாக், ரத்தக் குழாய்கள் ஓடும் உள் யோக் சாக், ஆம்னியான் (பனிக்குடச் சவ்வு), கரு. கருவின் மரபணு வகையை டி.என்.ஏ.வில் பார்க்க நமக்கு வேண்டியது உள் யோக் சாக்.

நாள் கணக்கு. யோனி அடைப்பு (இணைசேர்ந்தபின் பெண்ணெலியின் யோனியில் தெரியும் கெட்டியான அடைப்பு) தெரிந்த அன்று நண்பகல் 0.5ஆம் நாள். சில ஆய்வகங்கள் அதையே 1ஆம் நாள் என்று எண்ணும். பழைய கட்டுரையோடு ஒப்பிடும்போது முதலில் இதைப் பாருங்கள்.

எடுப்பது. நெறிமுறைக் குழு அனுமதித்த முறையில் தாயைக் கொன்றபின் கருப்பைக் கொம்புகள் இரண்டையும் குளிர்ந்த பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) போடுங்கள். கருக்களுக்கு இடையே வெட்டித் தனித்தனியாக்குங்கள். ஒவ்வொரு கருவுக்கும் ஒரு எண், ஒரு தட்டு.

தசையை உரிப்பது. ரத்தக் குழாய்கள் வந்து சேரும் பக்கத்தில்தான் நஞ்சுக்கொடி இருக்கும். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்குங்கள். இதற்கு டூமாண்ட் 5 இடுக்கி இரண்டு போதும். நுனி வளைந்த இடுக்கியைத் தூக்கிப் போடுங்கள், நேரடியாகச் சவ்வைக் கிழிக்கும்.

மாட்டிவிடும் இடம் இதுதான். தசையும் டெசிடுவாவும் வந்தபின் மெல்லிய, கண்ணாடி போன்ற ஒரு உறை மிஞ்சும். அது ரைக்கர்ட் சவ்வு. அதன் வெளிப்புறம் தாயின் ரத்தம் நனைத்த இடம். இந்த உறையோடு சேர்த்து யோக் சாக்கை எடுத்தால் தாயின் டி.என்.ஏ.வும் கூடவே வந்துவிடும். பெற்றோர் இருவரும் ஹெட்டரோசைகஸ் (மரபணுவின் ஒரு பிரதி இயல்பானது, மற்றது செயலற்றது) என்றால் நான்கில் ஒரு கரு 'நல்' (null, இரண்டு பிரதியும் செயலற்றது) ஆக வர வேண்டும். தாயின் இயல்பான அலீல் (மரபணுப் பிரதி) கலந்தால் அதுவும் ஹெட்டரோசைகஸாகவே காட்டும். 'நல் கருக்கள் இறந்துவிட்டன' என்று எழுதுமுன் இதைச் சந்தேகப்படுங்கள்.

அடையாளம் எளிது: ரத்தக் குழாய்கள் வலைபோல் ஓடினால் உள் யோக் சாக். குழாயே இல்லாமல் நிறமற்று, கருவை ஒட்டியிருந்தால் ஆம்னியான். ஆம்னியானும் கருவுடையதுதான், எடுத்தால் குடி முழுகிப் போகாது. ஆனால் திசு மிகக் குறைவு.

யோக் சாக்கை நஞ்சுக்கொடியின் விளிம்பை ஒட்டி வெட்டாமல், சற்றுத் தள்ளி வெட்டுங்கள். மூன்று தனிக் குழிகளில் புதிய பி.பி.எஸ். ஊற்றி அலசுங்கள், ஒரே குழியில் மூன்று முறை அலசுவது அலசலே அல்ல. ஒரு கருவுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடுக்கியைத் துடையுங்கள்.

டி.என்.ஏ. 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ.வும் உள்ள கரைசல் 75 மைக்ரோலிட்டர், 95 டிகிரியில் 30 நிமிடம். ஆறியதும் அதே அளவு 40 மில்லிமோலார் டிரிஸ். ஒரு துணுக்குக்கு இது போதும். ஓர் இரவு புரோட்டினேஸ் கே (புரதத்தைச் சிதைக்கும் நொதி) போடுவது இங்கே வீண் வேலை. பி.சி.ஆர். செய்து ஜெல்லில் ஓட்டியும் பட்டை வரவில்லையா? இன்னும் அதிக டி.என்.ஏ. ஊற்றாதீர்கள், பத்தில் ஒரு பங்காக நீர்த்துப் பாருங்கள்; ரத்தத்தின் ஹீம் (சிவப்பு நிறமி) பி.சி.ஆரைத் தடுப்பதுதான் பெரும்பாலும் காரணம். தாயின் வால் துண்டை ஒரு கட்டுப்பாட்டு மாதிரியாக எப்போதும் ஓட்டுங்கள்.

நஞ்சுக்கொடி. தொப்புள்கொடி சேரும் இடத்தின் நடுவே பிளேடால் ஒரே வெட்டு. முழுதாகப் பதப்படுத்தும் கரைசலில் போட்டால் நடுப்பகுதி சரியாக நிலைப்படாது. 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் ஓர் இரவு வைத்து, மெழுகில் வெட்டுமுகம் கீழே இருக்கும்படி பதியுங்கள். வெட்டு சாய்ந்தால் லாபிரிந்த் (தாய்க்கும் கருவுக்கும் பரிமாற்றம் நடக்கும் அடுக்கு) அகலமாகத் தெரியும். அதை அளந்து 'வளர்ச்சி மாறுபாடு' என்று சொல்லிவிடாதீர்கள். சாயமிட்டபின் நடு அடுக்கில் வெறுமையாக, வெளிறித் தெரிபவை கிளைகோஜன் செல்கள். சேதம் அல்ல.

ஆர்.என்.ஏ. வேண்டுமென்றால் வெளிறிய டெசிடுவாவை உரித்துவிட்டுச் சிவந்த பகுதியை எடுங்கள். முழுதாக அகலாது, கொஞ்சம் தாயின் திசு இருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பெரிய எலியில் செய்பவர்களுக்கு. எலியின் கரு சுண்டெலியைவிட ஏறக்குறைய இரண்டு நாள் பின்தங்கும், நாளை அதற்கேற்ப மாற்றுங்கள். அடுக்குகளின் வரிசை அதே.

இன்னொன்று. மருந்துச் சோதனையில் ஒரு பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டவில்லை என்றால் கரு தப்பியது என்று அர்த்தமில்லை. உள் யோக் சாக்கின் செல்கள் தாயின் புரதங்களை விழுங்கிச் செரித்துக் கருவுக்கு அமினோ அமிலம் தருகின்றன. முறையான நஞ்சுக்கொடி வேலைக்கு வரும்வரை முக்கிய உணவு வழி அதுதான். டிரைபான் நீலம் என்ற சாயம் எலிக் கருவை ஊனமாக்குவது இந்தச் செரிமானத்தைத் தடுத்துத்தான். தாயின் ஐ.ஜி.ஜி. (நோய் எதிர்ப்புப் புரதம்) கருவுக்குப் போவதும் எலியினத்தில் பெரும்பாலும் யோக் சாக் வழியாகவே. அதனால் சோதனைக்கு நஞ்சுக்கொடியை மட்டும் உறையவைக்காமல் யோக் சாக்கையும் தனிக் குழாயில் வையுங்கள்.